ஆன்டிபயாடிக்குக்குப் பழகுவது உடலா, கிருமியா?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன். சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்கு ஐந்து நாள் சிப்ரோஃப்ளாக்சசின் சாப்பிட்டீர்கள்; எரிச்சல் நின்றது. மாத்திரை முடிந்த ஒரு வாரத்துக்குள் வயிற்றுப்போக்கு தொடங்கியது. சில மாதங்களில் பழைய தொற்று திரும்பி வந்தபோது அதே மாத்திரை பலிக்கவில்லை. உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது என்று சுற்றியிருப்பவர்கள் சொல்கிறார்கள். அது சரிதானா, கிருமியைக் கொல்ல வந்த மருந்து எப்படி வேறொரு கிருமிக்கு வழிவிட்டது என்று கேட்கிறீர்கள். இரண்டும் தனித்தனிச் சங்கதிகள் போலத் தெரியலாம். என் பார்வையில், இவை இரண்டுக்கும் வேர் ஒரே இடத்தில், உங்கள் பெருங்குடலில், இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. மருத்துவ நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன். உங்களைப் பரிசோதிக்காமல் உங்களுக்கு வந்தது இன்னதுதான் என்று என்னால் சொல்ல முடியாது. இப்படி நடப்பது எப்படி என்பதை மட்டும் சொல்ல முடியும்.

உடல் பழகுவது என்பதை முதலில் ஒதுக்கிவிடலாம். ஓபியாய்டு வலிநிவாரணிகளுக்கு உடல் உண்மையிலேயே பழகும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் தன்னையே வேகமாகச் சிதைக்கும்படி கல்லீரலைத் தூண்டும். இவற்றைத் தவிர்த்துப் பார்த்தால், ஆன்டிபயாடிக் பலிக்காமல் போவதற்கு உங்கள் உடல் பொதுவாகக் காரணமில்லை. மருந்து தாக்க வேண்டிய இலக்கு உங்கள் செல்களில் இல்லை, பாக்டீரியாவில் இருக்கிறது. மாறுவதும் பாக்டீரியாதான். இதில் ஐயத்துக்கே இடமில்லை.

எந்த பாக்டீரியா, எங்கே மாறியது என்பதுதான் முக்கியமான கேள்வி. சிறுநீர்த் தொற்றுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணமான ஈ.கோலை வெளியிலிருந்து நேராகச் சிறுநீர்ப்பைக்கு வருவதில்லை. அது முதலில் உங்கள் குடலில் குடியேறியிருக்கும். அங்கே எந்தத் தொந்தரவும் தராமல் மாதக்கணக்கில் வாழ்ந்துவிட்டு, அங்கிருந்து தோல் வழியாகச் சிறுநீர்க் குழாய்க்கு நகரும். சிறுநீர்ப்பைக்குள் தங்குவது லேசான காரியமில்லை, ஏனென்றால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை அங்கிருப்பது எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். இதைச் சமாளிக்க ஈ.கோலையிடம் மெல்லிய முடி போன்ற இழைகள் உள்ளன. ஒவ்வோர் இழையின் நுனியிலும் ஃபிம்ஹெச் என்ற புரதம் இருக்கிறது. சிறுநீர்ப்பைச் சுவரின் செல்களில் இருக்கும் மேனோஸ் சர்க்கரையை அது பற்றிக்கொள்ளும். திரவ ஓட்டம் இழுக்க இழுக்க இந்தப் பிடி இறுகும். ஓட்டம் நின்றதும் தளரும். இழுப்பில் புரதத்தின் வடிவமே மாறி, சர்க்கரையைச் சுற்றி மூடிக்கொள்வதே காரணம். சிறுநீர் கழிக்கும்போது அசையாமல் ஒட்டியிருக்கவும், மற்ற நேரத்தில் மெல்ல ஊர்ந்து பரவவும் அதனால் முடிகிறது. ஒரு கிருமி ஓர் உறுப்பில் குடியேறுகிறது என்றால் அதற்குப் பின்னால் இவ்வளவு நுணுக்கமான ஏற்பாடு இருக்கும். வயிற்றில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி, யூரியாவை அம்மோனியாவாக்கித் தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொண்டு, வாலால் நீந்திச் சளிப்படலத்துக்குள் புகுந்துகொள்ளும். ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொரு வித்தை.

பெருங்குடலில் கிருமிக்கு இருக்கும் சிக்கல் இதற்கு நேர் எதிரானது. அங்கே காலியிடமே இல்லை. ஒரு கிராம் மலத்தில் சுமார் 10,000 கோடி பாக்டீரியா. உடலில் மனிதச் செல்களைப் போல் பத்து மடங்கு பாக்டீரியா இருப்பதாக நெடுநாள் சொல்லிவந்தார்கள். 2016இல் வெளிவந்த கணக்கு அதைத் திருத்தியது: சுமார் 30 லட்சம் கோடி மனிதச் செல்கள், சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியா, ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று. அப்படியும் அது பெரிய கூட்டம்தான். இந்தக் கூட்டம் வெறுமனே அங்கே இருப்பதே புதிதாக வருபவனுக்குத் தடை. பயிர் அடர்ந்து நிற்கும் வயலில் களை தலைதூக்க முடியாதது போலத்தான். நுண்ணுயிரியலில் இதற்குக் குடியேற்றத் தடை என்று பெயர்.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் மார்ஜரி போன்ஹாஃபும் சி. பிலிப் மில்லரும் எலிகளில் செய்த சோதனைகள் இன்றும் படித்தால் வியப்பூட்டும். சாதாரண எலிகளில் பாதிக்குத் தொற்று வர வேண்டுமானால் ஏறத்தாழ ஒரு லட்சம் சால்மோனெல்லா பாக்டீரியாக்களை ஊட்ட வேண்டியிருந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை ஒருமுறை கொடுத்த எலிகளுக்குப் பத்துக்கும் குறைவான பாக்டீரியாக்களே போதுமாயிருந்தன. எலியும் மாறவில்லை, சால்மோனெல்லாவும் மாறவில்லை. ஏற்கெனவே குடியிருந்தவர்கள் அழிந்துபோனது ஒன்றுதான் வேறுபாடு.

தடை எப்படிச் செயல்படுகிறது என்பதில் பாதிக்கு மேல் இப்போது தெரிந்துவிட்டது. முதலாவது பட்டினி. ஒரு பாக்டீரியா குடலில் நிலைக்க வேண்டுமானால் ஏதாவது ஓர் ஊட்டப்பொருளையாவது மற்ற எல்லோரையும்விட நன்றாகப் பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும் என்று ரால்ஃப் ஃப்ரெட்டர் முன்வைத்த கருத்து இன்றுவரை நிற்கிறது. 2023இல் வெளியான ஓர் ஆய்வில், 100 குடல் பாக்டீரியாத் திரிபுகளைத் தனித்தனியாகவும் கூட்டாகவும் கிளெப்சியெல்லா என்ற நோய்க்கிருமிக்கும் சால்மோனெல்லாவுக்கும் எதிராக நிறுத்திப் பார்த்தார்கள். தனியாக நின்றவை பெரும்பாலும் தோற்றன. பலவகை சேர்ந்த கூட்டம் வென்றது, ஏனென்றால் வந்தவனுக்குத் தேவையான ஒவ்வோர் உணவையும் கூட்டத்தில் யாராவது ஒருவர் தின்று தீர்த்திருந்தார்கள். இன்ன நல்ல பாக்டீரியா காப்பாற்றும் என்று ஒரே ஒரு பெயரைச் சொல்லும் விளம்பரங்களை நான் நம்பாததற்கு இதுவே முதல் காரணம்.

இரண்டாவது ஆக்சிஜன். நார்ச்சத்தைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்கள் பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலத்தைத் தருகின்றன. பெருங்குடல் சுவரின் செல்கள் அதை எரித்து ஆற்றல் பெறும்போது ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன. அதனால் குடலின் உட்புறம் கிட்டத்தட்ட ஆக்சிஜனே இல்லாமல் இருக்கிறது. ஆன்டிபயாடிக் அந்த பாக்டீரியாக்களைக் குறைத்தால் பியூட்டிரேட் குறையும், சுவர்ச் செல்கள் வேறு வழியில் ஆற்றல் தேடும், செலவாகாத ஆக்சிஜன் குடலுக்குள் கசியும். ஆக்சிஜன் கிடைத்தால் செழிக்கும் சால்மோனெல்லா, ஈ.கோலை போன்றவற்றுக்கு அது விருந்து. எலிகளில் இது படிப்படியாக நிரூபிக்கப்பட்டிருக்கிறது. மனிதரிலும் அப்படித்தான் நடக்கும் என்று எதிர்பார்க்கக் காரணம் இருக்கிறது. ஆனால் அதே அளவு உறுதியோடு சொல்ல மாட்டேன்.

பட்டினிபோடுவதோடு இவர்கள் நிற்பதில்லை. நேரடியாகக் கொல்லவும் செய்வார்கள். ஈ.கோலை தன் நெருங்கிய உறவினர்களையே கொல்லும் கோலிசின் என்ற புரதங்களை ஆந்த்ரே கிராசியா 1925லேயே கண்டார். வேறு பல பாக்டீரியாக்களிடம் செல்லுக்குள்ளிருந்து விசையோடு பாயும் ஈட்டி போன்ற அமைப்பு இருக்கிறது. பக்கத்தில் இருப்பவனைக் குத்தி நஞ்சைச் செலுத்தும். நம் மூக்கில் வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் லக்டுனென்சிஸ், லக்டுனின் என்ற பொருளைச் சுரந்து, ஆபத்தான ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸை விரட்டுகிறது என்பது 2016இல் தெரியவந்தது. ஆன்டிபயாடிக் என்பதே முதலில் நம்முடைய கண்டுபிடிப்பு இல்லை. நுண்ணுயிர்கள் ஒன்றோடொன்று மோதுவதற்கு வைத்திருந்த ஆயுதங்களில் சிலவற்றை நாம் மருந்தாக்கிக்கொண்டோம். எதிர்ப்பும் அதே அளவு பழையது. 30,000 ஆண்டு உறைபனி மண்ணிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வில் பெனிசிலின் வகை, டெட்ராசைக்ளின், வான்கோமைசின் ஆகியவற்றுக்கு எதிரான மரபணுக்கள் இருந்தன.

இப்போது உங்கள் வயிற்றுப்போக்குக்கு வருகிறேன். மருந்து சிறுநீர்ப்பைக்கு மட்டும் போகாது, குடலுக்கும் போகும். அங்கே எது கிருமி, எது குடியிருப்பவன் என்று அதற்குத் தெரியாது. ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு வரும் வயிற்றுப்போக்கில் பெரும்பகுதி தீங்கற்றது. புளிக்கவைப்பவர்கள் குறைந்ததால் செரிக்காத மாவுச்சத்து நீரை இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது, சில நாளில் தானே சரியாகிவிடுகிறது. சிறுபான்மையில்தான் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற ஆபத்தானவன் காரணமாக இருப்பான். இது வித்து நிலையில் உறங்கிக்கொண்டிருக்கும். அந்த வித்தை எந்த ஆன்டிபயாடிக்கும் தொடாது, ஆல்கஹால் கைகழுவியும் கொல்லாது; சோப்பும் நீரும் கொண்டு தேய்த்துக் கழுவித்தான் நீக்க வேண்டும். கல்லீரல் சுரக்கும் முதல்நிலைப் பித்த உப்புகள் அந்த வித்தை முளைக்கத் தூண்டும். சாதாரணமாகக் குடலில் உள்ள சில பாக்டீரியாக்கள், குறிப்பாக கிளாஸ்ட்ரிடியம் சிண்டென்ஸ் போன்றவை, அந்த உப்புகளை வேறு வடிவுக்கு மாற்றிவிடும். மாறிய வடிவம் டிஃபிசிலின் வளர்ச்சியைத் தடுக்கும். அவர்களை மருந்து அழித்துவிட்டால், முளைக்கச் சொல்லும் குறிப்பு மட்டும் மிஞ்சுகிறது. சிப்ரோஃப்ளாக்சசின் சேர்ந்த குடும்பத்துக்கும் கிளிண்டாமைசினுக்கும் இந்த ஆபத்து மற்ற பலவற்றைவிடக் கூடுதல்.

இழந்த குடியிருப்பைத் திருப்பிக் கொடுத்தால் நோய் தீரும் என்பதற்கும் வலுவான சான்று இருக்கிறது. 2013இல் நெதர்லாந்தில் நடந்த சோதனையில், டிஃபிசில் தொற்று திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு ஆரோக்கியமானவரின் மலத்திலிருந்து தயாரித்த கரைசலைச் செலுத்தியபோது 16 பேரில் 13 பேர் முதல் தவணையிலேயே குணமடைந்தார்கள். வான்கோமைசின் மட்டும் பெற்ற 13 பேரில் நால்வர்தான் தேறினார்கள். ஆன்டிபயாடிக் தோற்ற இடத்தில் பாக்டீரியாக் கூட்டம் வென்றது. என் துறையில் இதைவிட என்னை நிமிர்ந்து உட்காரவைத்த முடிவு வேறில்லை.

மருந்து பலிக்காமல் போனதற்கும் அந்தக் குடலே விடை தரும். ஆய்வகத்தில் உங்கள் சிறுநீரிலிருந்து வளர்த்த பாக்டீரியாவை ஒரு தட்டிலுள்ள வெளிர்மஞ்சள் ஊடகத்தின் மேல் சீராகப் பூசி, மருந்தில் ஊறிய சின்னஞ்சிறு காகித வில்லைகளை அடுக்கி, ஓர் இரவு 35 டிகிரி வெப்பத்தில் வைப்போம். காலையில் தட்டு முழுவதும் பாக்டீரியா மங்கலான படலமாகப் படர்ந்திருக்கும். பலிக்கும் மருந்து இருக்கும் வில்லையைச் சுற்றி மட்டும் தெளிந்த வட்டம். வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்துதான் உங்கள் அறிக்கையில் பலிக்கும், பலிக்காது என்று எழுதுகிறார்கள். சில தட்டுகளில் அந்தத் தெளிந்த வட்டத்துக்குள்ளேயே குண்டூசித் தலை அளவில் ஒன்றிரண்டு காலனிகள் தனியாக நிற்கும். கலப்படம் இல்லை என்று உறுதி செய்துகொண்டால், கோடிக்கணக்கானவை மடிந்த இடத்தில் பிழைத்துப் பெருகிய ஒற்றைச் செல்லின் சந்ததி அது. அந்த மாற்றத்தை மருந்து உண்டாக்கவில்லை. மாறியவன் மருந்து வருவதற்கு முன்பே அங்கே இருந்தான் என்று லூரியாவும் டெல்ப்ரூக்கும் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களை வைத்து 1943இல் கணிதத்தோடு காட்டினார்கள். லெடர்பெர்க் தம்பதியர் 1952இல் ஒரு தட்டின் காலனிகளை வெல்வெட் துணியில் ஒற்றி இன்னொரு தட்டுக்கு மாற்றும் முறையால் அதை உறுதிசெய்தார்கள். மருந்து செய்வது தேர்வு மட்டும்.

ஈ.கோலையில் சிப்ரோஃப்ளாக்சசினுக்கு எதிரான முதல் படி பெரும்பாலும் டி.என்.ஏ.வின் ஒற்றை எழுத்து மாற்றம். மருந்து தாக்கும் ஜைரேஸ் நொதியின் 83ஆவது இடத்தில் செரைன் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் லியூசின் வந்து உட்காரும். மருந்தின் பிடி வழுக்கும். அதோடு முழு எதிர்ப்பு வந்துவிடாது. இன்னும் ஓரிரண்டு மாற்றங்கள் சேர வேண்டும், அல்லது உள்ளே வந்த மருந்தை வெளியேற்றும் பம்புகள் கூடுதலாக வேலை செய்ய வேண்டும். மற்ற மருந்துகளுக்கு வேறு வழிகள். பெனிசிலினை உடைக்கும் நொதியை ஆபிரகாமும் செயினும் 1940லேயே, அந்த மருந்து பரவலாகப் புழக்கத்துக்கு வருமுன்பே, அறிவித்துவிட்டார்கள். எனக்குக் கவலை தருவது பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையங்கள். அவை ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்கு, இனம் விட்டு இனம் கூட, தாவும். ஒரே வளையத்தில் ஐந்தாறு மருந்துகளுக்கான எதிர்ப்பு சேர்ந்தே பயணிக்கும். 1950களின் இறுதியில் ஜப்பானில் சீதபேதிக் கிருமியான ஷிகெல்லாவில் பல மருந்து எதிர்ப்பு ஒட்டுமொத்தமாகத் தாவுவதைக் கண்டுபிடித்தபோதுதான் இது உலகத்துக்குத் தெரிந்தது. இந்தப் பரிமாற்றத்துக்கு நெரிசலான பெருங்குடலைவிட வசதியான இடம் உடலில் வேறு கிடையாது.

ஆகவே சிறுநீர்ப்பையில் இருந்த ஈ.கோலைக்கு நீங்கள் சாப்பிட்ட மருந்து, குடலில் ஒன்றும் செய்யாமல் இருந்த பல மடங்கு ஈ.கோலையையும் சலித்தெடுத்தது. எதிர்ப்பு உள்ளவை அங்கே பெருகின. போட்டியாளர்கள் மடிந்ததால் அவற்றுக்கு இடமும் கிடைத்தது. சில மாதம் கழித்து சிறுநீர்ப்பைக்கு நகர்ந்தது அவற்றில் ஒன்றாக இருக்கலாம். குடியேற்றத் தடை உடைந்ததும் எதிர்ப்பு பெருகியதும் ஒரே இடத்தில் நடந்தவை என்று தொடக்கத்தில் நான் சொன்னது இதைத்தான்.

இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். எதிர்ப்பே இல்லாமலும் தொற்று திரும்பும். மருந்து தாக்கும்போது வளராமல் உறங்கிக் கிடந்து, பிறகு விழித்தெழும் செல்கள் உண்டு. ஜோசப் பிகர் 1944இல் அவற்றுக்கு விடாப்பிடியர் என்ற பொருளில் பெயர் வைத்தார். சிறுநீர்ப்பைச் சுவரின் செல்களுக்கு உள்ளேயே ஈ.கோலை கூட்டமாகப் பதுங்குவதும் எலிகளில் தெளிவாகக் காணப்பட்டது. நோயாளிகளின் சிறுநீரிலும் அதற்கான தடயங்கள் கிடைத்தன. இவற்றை எடுத்துச் சோதித்தால் வில்லையைச் சுற்றி வட்டம் அழகாக விழும். உங்கள் இரண்டாவது தொற்றில் சிறுநீர் வளர்ப்புச் சோதனை செய்திருந்தால் அந்த அறிக்கையைத் தேடி எடுங்கள். எதிர்ப்பா, பதுங்கலா என்பதற்கான முதல் விடை அதில்தான் இருக்கிறது.

இனி, உறுதி குறைந்தவை. மாத்திரையை முழுவதும் முடிக்காவிட்டால் எதிர்ப்பு வரும் என்று தலைமுறையாகச் சொல்லிவந்தோம். காசநோய்க்கு அது முழு உண்மை. நிமோனியா போன்ற பல சாதாரணத் தொற்றுகளில் குறுகிய தவணை நீண்டதற்குச் சமமாகவே குணப்படுத்துகிறது என்று சோதனைகள் காட்டிவிட்டன. நீண்ட தவணை குடலைக் கூடுதல் நாள் சலிக்கிறது என்பதால், தேவைக்கு மேல் நீட்டுவதே எதிர்ப்பை வளர்க்கலாம். எத்தனை நாள் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். பாதியில் நீங்களாக நிறுத்துவதற்கு இதை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

புரோபயாடிக், அதாவது நல்லது என்று உயிரோடு உட்கொள்ளும் பாக்டீரியா, பற்றி நீங்கள் நிச்சயம் கேட்பீர்கள். டிஃபிசில் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு, ஆன்டிபயாடிக்கோடு சேர்த்துக் கொடுத்தால் ஓரளவு காக்கிறது என்பதற்குச் சான்று உண்டு. அதே வேளையில் 2018இல் வந்த ஓர் ஆய்வில், ஆன்டிபயாடிக்குக்குப் பின் புரோபயாடிக் சாப்பிட்டவர்களின் சொந்தக் குடல் பாக்டீரியாக்கள் திரும்பி வருவது, ஒன்றுமே சாப்பிடாதவர்களைவிடத் தாமதமானது. புதிதாகக் கொண்டுவந்தவர்களும் இடத்தைப் பிடித்துக்கொள்பவர்கள்தானே. சொந்தக் கூட்டம் எவ்வளவு நாளில் மீளும்? மூன்று வலுவான ஆன்டிபயாடிக்குகளை நான்கு நாள் சாப்பிட்ட 12 ஆரோக்கியமான ஆண்களில் ஒன்றரை மாதத்தில் பெரும்பகுதி மீண்டது. ஆனால் முன்பு எல்லோரிடமும் இருந்த ஒன்பது இனங்கள் ஆறு மாதமாகியும் பெரும்பாலோரிடம் தென்படவில்லை. அந்த இழப்பால் நலத்துக்கு என்ன நேரும் என்பதை அந்த ஆய்வு அளக்கவில்லை.

டி-மேனோஸ் பொடியையும் பலர் சிபாரிசு செய்கிறார்கள். தர்க்கம் அருமையானது: ஃபிம்ஹெச் மேனோஸைப் பற்றுகிறது, சிறுநீரில் மேனோஸ் மிதந்தால் அதையே பற்றிக்கொண்டு வெளியேறிவிடும். நானும் அதை ஆவலோடு எதிர்பார்த்தேன். 2024இல் வெளியான, சுமார் 600 பெண்கள் பங்கேற்ற சோதனையில், தினமும் ஆறு மாதம் சாப்பிட்டும் போலிப் பொடியைவிடக் குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை. தட்டிலும் எலியிலும் சரியாக வரும் கணக்கு மனித உடலில் தவறிப்போவது எங்கள் துறையில் அடிக்கடி நடக்கிறது.

செய்யக்கூடியவை என்று பார்த்தால், அடுத்த முறை எரிச்சல் வந்தால் முதல் மாத்திரைக்கு முன்பே சிறுநீர் மாதிரி கொடுத்துவிடுங்கள். ஒரு வேளை மருந்து போனாலும் வளர்ப்புச் சோதனை பொய்யாகலாம். பழைய அட்டையில் மிஞ்சிய மாத்திரையைப் போடாதீர்கள். கடந்த சில மாதங்களில் என்ன ஆன்டிபயாடிக் சாப்பிட்டீர்கள் என்பதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள், ஏனென்றால் உங்கள் குடலில் எது தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும் என்று ஊகிக்க அதுவே அவருக்குத் துணை. வயிற்றுப்போக்கு ஒரு நாளில் மூன்று தடவைக்கு மேல் நீடித்தால், காய்ச்சலோ இரத்தமோ கடும் வயிற்று வலியோ இருந்தால், போக்கை நிறுத்தும் மாத்திரையை நீங்களாகப் போட்டுக்கொள்ளாமல் மருத்துவரைப் பார்த்து டிஃபிசில் சோதனை பற்றிக் கேளுங்கள்.

இன்னொன்றையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எரிச்சலோ காய்ச்சலோ எதுவும் இல்லாமல், சும்மா பார்த்த சிறுநீர்ச் சோதனையில் பாக்டீரியா இருப்பதாக அறிக்கை வந்தால், கர்ப்பமாக இருப்பவர்களையும் சிறுநீர்ப் பாதையில் அறுவை செய்துகொள்ளப் போகிறவர்களையும் தவிர மற்றவர்களுக்கு அதற்காக மருந்து தேவையில்லை. அடிக்கடி தொற்று வரும் பெண்களிடம் 2012இல் வெளியான சோதனை ஒன்றில், அப்படிக் குறியில்லாமல் இருந்த பாக்டீரியாவுக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டவர்களுக்கே பிற்பாடு உண்மையான தொற்று அதிகம் வந்தது. சும்மா விடப்பட்டவர்களின் சிறுநீர்ப்பையில் குடியிருந்த அந்தச் சாதுவான பாக்டீரியா, மூர்க்கமானவற்றை உள்ளே விடாமல் தடுத்திருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்களின் விளக்கம்.